அது எந்த ஓம்?

பனங்குற்றிகளைப் பரப்பி, அவற்றின்மேல் மண்மூட்டைகளை அடுக்கி மூடிய குழி ஒன்றினுள் நண்பகலில் இறங்கினால், கண்ணுக்கு இருள் பழகுவதற்கு முன்பே மூக்குக்கு ஒரு மணம் வந்து சேரும். ஈரமணலின் குளிர்ந்த மணமும், பச்சையாகத் தறித்த பனையின் புளிப்பும், மூட்டைகளாகிவிட்ட பழைய உரப்பைகளின் கார நெடியும் அதில் கலந்திருக்கும். இன்றும் எங்கேனும் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டும் இடத்தைக் கடந்து போகையில் அம்மணத்தின் ஒரு பகுதி எழுந்து வந்தால், யாரோ யாரையோ பெயர் சொல்லி அழைக்கப் போகிறார்கள் என்ற எண்ணத்தில் என் உடல் நின்றுவிடுகிறது.

எழுதத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்று அக்குழிக்குள் இருந்தோருள் இருவரேனும் ஒத்துக் கூறியவற்றையே இங்கு எழுதுகிறேன். ஒருவர் மட்டும் கூறியதாயின் அவர் யார் என்பதைக் குறிப்பிடுவேன்; நானே கண்டதையும் தொட்டதையும் அவ்வாறே சொல்வேன். இத்துணை எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. குரல்களைப் பற்றிய கதைகளுக்கு எங்கள் ஊரில் வாய்க்கு வாய் கையும் காலும் முளைத்துவிடும். நான் சொல்லப் புகுவதோ இரண்டரை மாத்திரை அளவே ஒலிக்கும் ஒரு சொல்லைப் பற்றியது. மற்ற ஊரார் ‘ஆமாம்’ என்னுமிடத்தில் யாழ்ப்பாணத்தார் ‘ஓம்’ என்போம். அவ்வளவு சிறிய சொல்லின்மேல் கற்பனையின் ஒரு தூசி படிந்தாலும் அது வேறு சொல்லாகிவிடும்.

தொண்ணூறாம் ஆண்டின் நடுவில் போர் மீண்டும் மூண்டபோது எனக்குப் பத்து வயது. அரியாலையில் எங்கள் ‘ஒழுங்கை’யில் ஏழு வீடுகள் இருந்தன, வண்டி ஒன்று போனால் எதிரே வருபவர் வேலியோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். அக்குழி, குண்டுவீச்சுக்கு ஒளிய ஏழு வீட்டாரும் கூடி வெட்டிய ‘பங்கர்’. குண்டின் அதிர்வு நேரே பாயாதிருக்க அதை நடுவில் மடித்து வெட்டியிருந்தார்கள். ஆதலால் வாயிற்பக்கம் இருப்பவருக்கு உட்பக்கம் இருப்பவரின் முகம் தெரியாது. உட்பக்கத்தின் கடைசி மூலை எங்கள் வீட்டாருக்கு உரியது. எங்களுக்குப் பின்னால் மண்சுவர் மட்டுமே இருந்தது.

எங்கள் வீட்டார் என்பது அப்போது அம்மா, நான், தம்பி ஆகிய மூவர். அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுவை பார்த்தவர். அரிசி ஏற்றிவரும் லொறியோடு கிளிநொச்சிக்குப் போயிருந்தார். போன சில நாள்களில் பாதை அடைபட்டது. அதன்பின் லொறியும் வரவில்லை. லொறியைப் பற்றிய பேச்சும் வரவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் வீட்டின் முன்கதவைத் தாழிடாமல் சாத்தி மட்டும் வைத்தார்.

இந்நிலையில்தான் ஒழுங்கையை விட்டுப் போவதா, இருப்பதா என்ற கேள்வி எழுந்தது. எதிர்வீட்டில் தனியாக வாழ்ந்த பள்ளி ஆசிரியையான ரீச்சருக்கு உடுவிலில் ஓர் அண்ணர் இருந்தார், வீட்டைச் சுற்றிப் பெரிய வளவு, எல்லாரும் வரலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். மூன்றாம் வீட்டுத் தவம் அண்ணையிடம் இழுவைப் பெட்டி பூட்டிய ‘லாண்ட்மாஸ்ரர்’ உழவு இயந்திரம் இருந்தது. அதை உடுவிலுக்கு ஒருமுறை ஓட்டிச் செல்லவே எண்ணெய் இருந்தது. திரும்பி வந்து மற்றொரு முறை ஏற்றிச் செல்ல இல்லை. போவதாயின் எல்லாரும் ஒரே நேரத்தில் போக வேண்டும். தவம் அண்ணையின் மனைவி ராணியக்காவோ நிறைமாதம். அவருடைய பேற்றுக்கென்று அம்மா மிளகும் மஞ்சளும் மல்லியும் வறுத்துச் ‘சரக்கு’ இடித்துப் போத்தலில் அடைத்து வைத்திருந்தார். அரியாலையில் அப்போது மருத்துவச்சி எவரும் இல்லை.

விமானம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வெளியே போக இயலாமல் எல்லாரும் குழிக்குள் அடைபட்டிருந்தபோது, ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர் அதை முடிவுக்குக் கொண்டுவர எண்ணினார். ஒழுங்கையின் முதல் வீட்டுக்காரர் அவர். எதையும் முறைப்படி செய்யாவிட்டால் உறக்கம் வராதவர். காற்று குறையும் என்று விளக்கை அணைத்திருந்தார்கள்.

“போவம் எண்டு நிக்கிறவை கையை உயர்த்துங்கோ” என்றார்.

“உயர்த்தியாச்சு ஐயா. தெரியுதோ?” என்று இருளுக்குள்ளிருந்து தவம் அண்ணையின் குரல் வந்தது. குழி முழுவதும் சிரித்தது. நெடுநாளின்பின் கேட்ட சிரிப்பு அது என்று ரீச்சர் பிற்காலத்தில் சொன்னார். நானும் அவ்வாறே நினைக்கிறேன்.

“அப்ப வாயாலை சொல்லுங்கோ.”

“தலைக்கு ஒரு சொல்லோ, வீட்டுக்கு ஒரு சொல்லோ?” என்று ரீச்சர் கேட்டார்.

“தலைக்கு எண்டால் நாங்கள்தான் வெல்லுவம். வெளியிலை ஏழு தலை, உள்ளை ஒண்டு” என்றார் தவம் அண்ணை.

“உள்ளை இருக்கிறது ஆரையும் கேக்காமல் உதைச்சு உதைச்சுச் சொல்லுது” என்றார் ராணியக்கா.

“எனக்கு ஒரு தலைதானே. பூனையையும் சேர்க்கலாமோ?”

“பூனைக்கு அரிசிக் கூப்பன் இல்லை ரீச்சர். வீட்டுக்கு ஒரு சொல்” என்று போஸ்ற்மாஸ்ரர் முடித்தார்.

அடுத்த கேள்வி கடினமானது. ஏழு வீட்டில் ஆறு வீடு போவோம் என்றால் போதாதா என்று தவம் அண்ணை கேட்டார். “ஆறு வீடும் சேர்ந்து ஏழாம் வீட்டைத் தூக்கிப் பெட்டிக்குள்ளை போடுறதோ?” என்று ரீச்சர் திருப்பிக் கேட்டார். ஏழாம் வீடு எது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்போது அம்மா பேசினார்.

“எல்லா வீடும் ஓம் எண்டால் எல்லாரும் போவம். ஒரு வீடு மாட்டன் எண்டாலும் ஒருத்தரும் போறேல்லை. இதுக்கு நீங்கள் ஒத்துக்கொண்டால், கேட்டு வாற முடிவுக்கு நானும் மறுப்புச் சொல்லன்.”

“பவளக்கா, உங்கடை ஒரு சொல்லுக்குள்ளை எங்கடை வீடு முழுக்கக் கிடக்குது” என்றார் தவம் அண்ணை. அதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை.

“தெரியும் தம்பி. சரக்கு இடிச்சு வைச்சிருக்கிறவள் நான். அந்தாள் வந்து நிண்டால் எங்களை எங்கை தேடும்? அதையும் ஆரும் சொல்லுங்கோ.”

போஸ்ற்மாஸ்ரர் இருமிக்கொண்டு, “பவளம் சொல்லுறது சரி. ஒரு வீட்டை விட்டிட்டுப் போறது, போறது இல்லை, அது ஓடுறது” என்றார். அதனோடு அம்மா கேட்ட விதியே விதியாயிற்று. அவர் அதைக் கேட்டது, தாம் மறுப்பதற்காகவே. இதைப் பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார்.

எஞ்சியது அழைக்கும் முறை. எங்கள் பக்கத்தில், முகம் தெரியாத இடத்திலிருந்து யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் அழைப்புக்கு வாய் திறப்பதில்லை; மூன்று முறை கூப்பிட்ட பின்னரே பதில் சொல்வார்கள். மனிதர்தாம் மூன்று முறை கூப்பிடுவார்கள். மற்றவை ஒருமுறை கூப்பிட்டு நிறுத்திவிடும் என்பது நம்பிக்கை. அந்த இருளில் அவ்வழக்கத்தை யாரும் கேலி செய்யவில்லை. “மூண்டு தரம் கூப்பிடுவன். மூண்டாம் தரத்துக்கு வீடு பதில் சொல்ல வேணும். போறதெண்டால் ‘ஓம்’, போறேல்லை எண்டால் ‘இல்லை’” என்றார் போஸ்ற்மாஸ்ரர்.

“இல்லை எண்டால் ஆள் இல்லையோ, விருப்பம் இல்லையோ?” என்று ரீச்சர் குறுக்கிட்டார். இலக்கணம் கற்பித்தவர் அவர்.

மீண்டும் சிரிப்பு எழுந்தது. “அதுவும் சரி. போறேல்லை எண்டால் ‘இருப்பம்’ எண்டு சொல்லுங்கோ” என்று போஸ்ற்மாஸ்ரர் திருத்தினார். ‘இல்லை’ என்ற சொல்லின் இரட்டைப் பொருளைக் கண்டு களைந்துவிட்டோம் என்ற நிறைவு அங்கிருந்த எல்லாருக்கும் ஏற்பட்டிருக்க வேண்டும். ‘ஓம்’ என்ற சொல்லைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடிதங்களை வீடுவாரியாகப் பிரித்த பழக்கத்தினாற் போலும், வீட்டுக்காரரின் பெயரையே சொல்லி அவர் அழைத்தார். முதலில் தம் பெயரைத் தாமே மூன்று முறை அழைத்து, தாமே ‘ஓம்’ என்றார். அதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பெயரும் மும்முறை ஒலித்து, ஒவ்வொரு மூன்றாவதின் பின்னும் ஓர் ‘ஓம்’ வந்தது. தவம் அண்ணையின் ‘ஓம்’ உரத்து வந்தது. ரீச்சரின் ‘ஓம்’ மெலிந்து வந்தது. எங்கள் வீடு ஒழுங்கையின் கடைசி; எனவே அழைப்பிலும் கடைசி.

“சிவசம்பு.”

அது அப்பாவின் பெயர். அவர் போனபின் அதை யாரும் எங்கள் காதுபட உரக்கச் சொன்னதில்லை. அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பற்றியது.

“சிவசம்பு.”

விமானம் போய்விட்டிருந்தது. எப்போது போனது என்பதை நான் கவனிக்கவில்லை. தம்பி அம்மாவின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான்.

“சிவசம்பு.”

அம்மா மூச்சை உள்ளிழுத்தார். பேசுவதற்கு முன் இழுக்கும் மூச்சு அது. அவருடைய தோள் உயர்ந்ததை என் கன்னத்தில் உணர்ந்தேன். அந்த மூச்சு வெளியே வருமுன் குழிக்குள் ஒரு குரல், “ஓம்” என்றது.

உரத்த குரல் அன்று, தணிந்ததும் அன்று. பக்கத்து அறையில் வேலையாய் இருப்பவரை அழைத்தால் வருமே, அந்த அளவு. அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. அவர் இழுத்த மூச்சு சொல்லாகாமலே, நெடுநேரம் கழித்து, மெல்ல வெளியேறியது.

வாயிற்பக்கத்திலிருந்து போஸ்ற்மாஸ்ரர், “ஓம் எண்டு கேட்டுது. சரிதானே பவளம்?” என்றார். முறைப்படி கேட்டார்.

ராணியக்கா எங்கோ விசும்பியது கேட்டது. பின்பு அம்மா, “எனக்கும் கேட்டுது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் சொன்னேன் என்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றும் சொல்லவில்லை.

அன்று பிற்பகலே புறப்பட்டோம். அம்மா கரித்துண்டால் முன்சுவரில், உடுவிலில் இருக்கிறோம் என்பதையும் ரீச்சரின் அண்ணர் பெயரையும் எழுதினார். சரக்குப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியின் பின்விளிம்பில், ஒழுங்கையைப் பார்த்தபடி அமர்ந்தார். உடுவிலில் ராணியக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேறு எளிதாக இருக்கவில்லை. மருத்துவச்சி அயலில் இருந்ததால் இருவரும் பிழைத்தார்கள். சரக்குக் கறியை அம்மாவே காய்ச்சினார்.

எங்கள் பங்கரின் மேல் குண்டு விழுந்தது என்று எழுதினால் கதை முழுமை பெறும். விழவில்லை. ஒழுங்கையின் ஒரு வீட்டிலும் ஓர் ஓடு உடையவில்லை. சில மாதங்களின் பின், ஏழு வீட்டாருள் முதலாவதாக அம்மாவும் நானும் திரும்பிப் போய்ப் பார்த்தோம். முன்கதவு விட்டுவந்தபடியே சாத்தியிருந்தது. கரியெழுத்து அழியாமல் இருந்தது. அம்மா கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தவர், பிடித்தபடியே நின்றார். அருகே போய் நானும் தொட்டேன். வாளிக் கயிறு நனைந்திருந்தது. அவ்வழியே போகும் எவரும் தண்ணீர் அள்ளியிருக்கலாம். இடம்பெயர்ந்தோர் எந்நேரமும் போய்வந்துகொண்டிருந்த காலம். அம்மா அன்று பங்கருக்குள் இறங்கவில்லை. என்னையும் இறங்க விடவில்லை.

அப்பா திரும்பவில்லை.

அதன்பின் அம்மாவிடம் ஏற்பட்ட மாற்றத்தை நான் உடனே கண்டுகொள்ளவில்லை. நிவாரண அட்டை அப்பாவின் பெயரில் இருந்தது. வரிசையில் நிற்கும்போது எழுதுவினைஞர் “சிவசம்பு” என்று ஒருமுறை கூப்பிட்டதும், மறுமுறை கூப்பிட இடம் கொடாமல் அம்மா முண்டியடித்துக்கொண்டு, “அவர் வரேல்லை, நான் வந்திருக்கிறன்” என்பார். அரிசிக்கு அவசரப்படுகிறாள் என்று பின்னால் நிற்பவர்கள் ஏசுவார்கள். அரிசிக்காக அன்று, அப்பெயர் மூன்றாம் முறை ஒலியாதிருப்பதற்காக.

மற்றொன்றும் இருந்தது. அவர் ‘ஓம்’ என்று சொல்வதை விட்டுவிட்டார். ‘சரி’ என்பார், ‘அப்பிடித்தான்’ என்பார், தலையை அசைப்பார். “பவளம் கொழும்புக் கதை கதைக்கிறாள்” என்று அயலில் பகிடி பண்ணினார்கள். அரியாலையை விட்டு நெடுந்தூரம் போகாத அம்மா அதற்கும் “சரி” என்றே சொல்லிச் சிரிப்பார்.

பெரியவளான பின் ஒருநாள் காரணம் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை நிறுத்தாமலே சொன்னார்: “பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்னெண்டு சொல்லுவாய்?”

“ஓம் எண்டு.”

“அதுக்கு என்ன கருத்து?”

நான் யோசித்தேன். அழைத்தால் நாங்கள் சொல்லும் ‘ஓம்’ உடன்பாடு அன்று. இதோ இருக்கிறேன், கேட்கிறது என்பதுதான் அதன் பொருள்.

“போஸ்ற்மாஸ்ரர் ஐயா போவம் எண்ட ஓமாய் எண்ணிப்போட்டார்” என்றார் அம்மா. “அந்தாள் நான் இங்கை நிக்கிறன் எண்டு சொல்லியிருந்தால்? நிக்கிற ஆளை விட்டிட்டெல்லோ நாங்கள் வந்திட்டம்.” சுளகை ஒருமுறை தட்டி, “அவரின்ரை பேராலை கூப்பிடட்டும் எண்டு நான்தான் பேசாமல் விட்டனான். வீட்டிலை ஆள் இருக்கிற மாதிரி இருந்தது” என்றார். இவ்விரண்டும் அம்மா ஒருவரே கூறியவை.

அன்று தொடங்கி, குழிக்குள் இருந்தோரைக் காணும்தோறும் கேட்டு வந்திருக்கிறேன். அது ஆண்குரல் என்றும், எங்களுக்குப் பின்னாலிருந்து வந்ததென்றும் ரீச்சர் சொன்னார். பின்னால் மண்சுவர்தானே என்றேன். “சுவர்தான், அதுதான் சொல்லுறன்” என்றார். போஸ்ற்மாஸ்ரர், இறப்பதற்கு முன், அது வாயிற்பக்கத்தில், தமக்கு மிக அருகே கேட்டதாகவும், அதனால்தான் அம்மாவிடம் மறுபடி கேட்டதாகவும் சொன்னார். ராணியக்கா அதைப் பெண்குரல் என்கிறார். தவம் அண்ணையிடம் மட்டும் நேராகவே கேட்டேன்: “அண்ணை, அது நீங்களோ?”

“தங்கச்சி, சொல்லத்தான் இருந்தனான். பவளக்கா மூச்சு இழுக்கிறது எனக்கும் கேட்டுது. இருப்பம் எண்டு வரப்போகுது எண்டு விளங்கிச்சுது. உங்கடை அப்பா சம்பண்ணை மாதிரிச் சொல்லிவிடுவம் எண்டு வாயைத் திறந்தனான். அதுக்குள்ளை வந்திட்டுது. திறந்த வாயை மூட எனக்குக் கனநேரம் எடுத்துது.” அவர் கூற்றை உறுதிப்படுத்த வேறு சான்று இல்லை. நான் அவரை நம்புகிறேன். ஆயினும் நம்புவது சான்று ஆகாது.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, எங்கள் ஊர்களெல்லாம் அடங்கிய வலிகாமமே எழுந்து நடந்தபோது யாரும் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு சொல் என்பது அன்று ஒருவர்க்கும் நினைவில் இல்லை. அம்மா முன்கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் கை வைத்து, போடாமல் விட்டு, எவர் பெயரையும் அழையாமல் நடந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில், பகல் வெளிச்சத்தில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அம்மா திடீரென்று “ஓம்” என்றார். முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் அவர் வாயிலிருந்து நான் கேளாத சொல். நோயாளர் விடுதியில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பக்கத்துக் கட்டிலின் காவலுக்கு இருந்த பெண்ணையும் கேட்டு இதை உறுதிசெய்துகொண்டேன். “என்னம்மா?” என்றேன். அவர் திரும்பவில்லை. மறுநாள் இல்லாமற்போனார்.

பங்கர் இருந்த இடம் தூர்ந்து, அதன்மேல் வாழை நிற்கிறது. அவ்விடத்தில் மட்டும் மண் மழைக்குப்பின் சற்றே தாழ்கிறது. பனங்குற்றிகளை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். ஒழுங்கையில் இப்போது ஏழுக்கு மேற்பட்ட வீடுகள். பழைய வீட்டாருள் இங்கு இன்னும் வாழ்பவர் நானும் உடுவிலில் பிறந்த அந்தப் பெண்ணும். வாய்க்காலை மூடிக் கொங்கிறீற் இடுவதா என்று அவள் சென்ற கிழமை கைபேசிக் குழுவில் கேட்டிருந்தாள். எல்லாரும் கட்டைவிரல் படத்தை இட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். யாருடைய விரல் என்பது பெயரோடு தெரிகிறது. யாரையும் மூன்று முறை அழைக்க வேண்டியதில்லை. சிறுவர்கள் ‘ஓகே’ என்கிறார்கள். அதற்கு ஒரே பொருள்தான்.

அன்று எங்கள் வீட்டுக்காக ‘ஓம்’ என்றது யார் என்பது தெரியாது. அப்பா அந்நேரம் எங்கிருந்தார், உயிரோடு இருந்தாரா என்பது தெரியாது. கயிற்றை நனைத்தது யார் என்பது தெரியாது. அம்மா இறுதியில் சொன்னது இருக்கிறேன் என்ற ஓமா, போவோம் என்ற ஓமா என்பதும் தெரியாது.